பதினெட்டு நாள் மட்டும்தானா ஈகிள்டன்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அமெரிக்கத் தேர்தல் கதைகளைச் சுவையாகச் சொல்ல வந்த பேச்சாளர், தாமஸ் ஈகிள்டனை ‘மறை கழன்ற துணை அதிபர் வேட்பாளர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அரங்கம் கைதட்டிச் சிரித்தது.

அந்த மறை கழன்றவர் 27 வயதில் செயின்ட் லூயிஸ் நகரின் அரசு வழக்குரைஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1960இல் மிசௌரி மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கும், 1964இல் துணை ஆளுநர் பதவிக்கும், 1968இல் செனட்டுக்கும் மக்கள் வாக்களித்து அனுப்பியவர். மன அழுத்தத்துக்காக அவர் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும், இருமுறை மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றதும் 1960க்கும் 1966க்கும் இடையில்தான். அதாவது சிகிச்சையும் வெற்றியும் ஒரே காலத்தில் நடந்தன. 1972 ஜூலையில் இது வெளியே வந்தபோது, அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கிய, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் ‘ஆயிரம் விழுக்காடு’ துணை நிற்பதாகச் சொன்னார். அந்த ஆயிரம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேட்பாளரான 18ஆம் நாள் ஈகிள்டன் விலகினார்.

‘சிகிச்சையை மெக்கவர்னிடம் மறைத்தது தவறில்லையா?’ என்று கேட்பீர்கள். தவறுதான். ஆனால் ஏன் மறைத்தார் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். கணக்கு வாத்தியாரான என் அப்பா அதே சிகிச்சை பெற்று வந்த ஆண்டில், அம்மா மாத்திரை அட்டைகளை ரவை டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தார். யாராவது கேட்டால் ‘அவருக்கு அல்சர்’ என்று சொல்லும்படி எங்களுக்குப் பாடம் நடத்தியிருந்தார். அப்படியும் விஷயம் கசிந்து, அக்காவுக்கு நிச்சயமாக இருந்த சம்பந்தம் ஒரு தொலைபேசி அழைப்பில் நின்றுபோனது. உண்மையைச் சொன்னால் அரவணைப்போம் என்கிற உலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

‘அணுகுண்டுப் பொத்தானுக்கு அருகில் இப்படிப்பட்டவரை உட்கார வைக்கலாமா?’ என்றும் ஒருவர் உட்பெட்டியில் கேட்டிருக்கிறார். நல்ல அக்கறை. 1973இல் கம்போடியா மீது குண்டு போடுவதற்கான பணத்தை நிறுத்தச் சொல்லி செனட்டில் திருத்தம் கொண்டுவந்தவர் இதே ஈகிள்டன். அதிபர் தம் விருப்பப்படி போரில் இறங்குவதைக் கட்டுப்படுத்தும் போர் அதிகாரச் சட்டத்துக்காகத் தாமே பாடுபட்டிருந்தும், அதன் இறுதி வடிவம் அதிபருக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறது என்று அதையே எதிர்த்து வாக்களித்தவரும் அவர்தான். குண்டு போட உத்தரவிட்டவர்களுக்கெல்லாம் மறை இறுக்கமாகவே இருந்தது. அவர்களில் எவரையும் பார்த்து ஞாயிற்றுக்கிழமை யாரும் சிரிக்கவில்லை.

மிசௌரி மக்கள் எல்லாம் தெரிந்த பிறகும் 1974இலும் 1980இலும் அவரையே செனட்டுக்கு அனுப்பினார்கள். 1987 வரை அங்கே இருந்தார். செயின்ட் லூயிஸில் கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடம் இன்று அவர் பெயரில் நிற்கிறது. பேச்சாளருக்கு இவற்றில் ஒன்றாவது சொல்லத் தோன்றியிருக்கலாம். வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவரைப் படுத்திருந்த நாட்களை மட்டும் வைத்து எடை போடுவது நகைச்சுவை என்றால், எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஒரு சொல்லுக்கு இத்தனை கோபமா?’ ஆமாம், இத்தனைதான். சிகிச்சை முடிந்து திரும்பிய என் அப்பா பதினோரு ஆண்டு அதே பள்ளியில் கணக்கு நடத்தினார். அன்று முன்வரிசையில் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் இருவர் அவரிடம் படித்தவர்கள்.