ஜாஃபர் பனாஹிக்குத் தடை வந்தது தணிக்கை மீறலால் அல்ல

ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி தணிக்கை விதிகளை மீறியதால்தான் படமெடுக்கத் தடைசெய்யப்பட்டார் என்று பரவிவரும் செய்தி தவறானது. 2009 ஜூன் அதிபர் தேர்தலில் அகமதிநெஜாத் வென்றதாக வந்த அறிவிப்பை மோசடி என மறுத்து எழுந்த பசுமை இயக்கத்தை வெளிப்படையாக ஆதரித்த பனாஹி, 2010 மார்ச்சில் தம் வீட்டிலேயே கைதுசெய்யப்பட்டார். சக இயக்குநர் முகமது ரசூலோஃபும் உடன் கைதானார். அவ்வாண்டு டிசம்பரில் விதிக்கப்பட்ட 6 ஆண்டுச் சிறையும், படமெடுக்கவும் திரைக்கதை எழுதவும் பேட்டியளிக்கவும் 20 ஆண்டுத் தடையும், நாட்டின் பாதுகாப்புக்கு எதிராகச் சதி செய்தார், அரசுக்கு எதிராகப் பரப்புரை செய்தார் என்னும் குற்றச்சாட்டுகளுக்கானவை. அரசியல் நிலைப்பாட்டுக்குத் தரப்பட்ட தண்டனையை வெறும் தணிக்கைச் சிக்கலாகச் சுருக்குவது, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியையே மறைக்கிறது.