"ஆபீசர் ஆகலையா?" என்று கேட்டவருக்கும், அதற்குச் சிரித்தவர்களுக்கும்

ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்க மரைன் படையில் (கடலிலிருந்து கரையேறிச் சண்டை போடுகிற படை) முதலில் சேர்ந்த கறுப்பர்களில் ஒருவரான சார்ஜென்ட் மேஜர் கில்பர்ட் ஜான்சன் பற்றி நான் போட்ட பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். "முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டும் ஒரு ஆபீசர்கூட ஆக முடியல, இவருக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?" கேட்டவர் மேல்கூட எனக்குப் பெரிய கோபமில்லை, அவர் யாரென்றே தெரியாது. அதற்கு ஹாஹா போட்டவர்களில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆபீசர் ஆகலையாம். எப்படி ஆவார்? 1941 ஜனவரியில் அமெரிக்க மரைன் படையின் தலைவர் தாமஸ் ஹோல்கோம்ப் என்ன சொன்னார் தெரியுமா? இரண்டரை லட்சம் கறுப்பர்கள் கொண்ட படையா, ஐயாயிரம் வெள்ளையர்கள் கொண்ட படையா என்று கேட்டால் எனக்கு அந்த ஐயாயிரம் வெள்ளையர்களே போதும் என்றார். டீக்கடையில் பேசியதல்ல, அதிகாரபூர்வ விசாரணையில் பதிவான பேச்சு. அந்த ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ராணுவத் தொழில்களிலும் அரசு வேலையிலும் இனப் பாகுபாடு கூடாது என்று 8802ஆம் உத்தரவைப் போட்ட பிறகுதான், அடுத்த வருஷம் கறுப்பர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். அப்போதும் ஊருக்கு வெளியே தனி இடம்தான். வட கரோலினாவில் மான்ட்ஃபோர்ட் பாயின்ட். பக்கத்திலேயே பெரிய லெஜூன் முகாம். கூடவே ஒரு வெள்ளைக்கார மரைன் வந்தால்தான் அதற்குள் காலெடுத்து வைக்கலாம். அந்தப் படையில் முதல் கறுப்பு அதிகாரி, பிரெடரிக் பிராஞ்ச், நியமனம் ஆனது 1945 நவம்பர் 10. ஜான்சன் சேர்ந்தது 1942 நவம்பரில். இல்லாத படிக்கட்டில் ஏன் ஏறவில்லை என்று ஒரு மனுஷனைப் பார்த்துக் கேட்கிறீர்கள்.

சேரும்போது அவருக்கு வயது 37. அலபாமாவில் பிறந்தவர். ஏற்கெனவே தரைப்படையில் ஆறு வருஷம், கடற்படையில் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடற்படையில் என்ன வேலை? அதிகாரிகளுக்குப் பரிமாறுகிற ஸ்டூவர்ட் வேலை. கறுப்பர்களுக்கு அன்றைக்கு அங்கே கிடைத்தது பெரும்பாலும் அதுதான். வயோமிங் கப்பலில் இருந்தபடி, என்னை மரைன் படைக்கு விடுங்கள் என்று தானே மனுப் போட்டுக் கேட்டு வாங்கி, பதினெட்டு வயசுப் பையன்களோடு வரிசையில் போய் நின்றார். மரைன் சட்டைக் கையில் மணிக்கட்டுக்கு மேலே, நாலு வருஷச் சர்வீஸுக்கு ஒன்று என்று சாய்வாக ஒரு பட்டை தைப்பார்கள். மேலே தைத்த ரேங்க் பட்டையைவிட ஜான்சனுக்குக் கீழே இருந்த சர்வீஸ் பட்டைகள்தான் அதிகம். அந்தப் பட்டைக்கு ஹாஷ்மார்க் என்று பெயர். அதையே பையன்கள் அவருக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். எனக்கு அந்த ஒரு சட்டைக் கை போதும், அவர் யாரென்று புரிந்துகொள்ள.

1943 பாதிக்குள் மான்ட்ஃபோர்ட் பாயின்ட்டில் பயிற்சி முழுக்கக் கறுப்பு டிரில் இன்ஸ்ட்ரக்டர்கள் கைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கெல்லாம் தலை ஜான்சன். 1949இல் முகாமை மூடுவதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் அங்கே பயிற்சி முடித்தார்கள். அந்த ஆட்களை உருவாக்கியது எந்த ஆபீசர்? ஆபீசருக்குக் கீழே, சிப்பாய்க்கு மேலே நிற்கிற சார்ஜென்ட்டுகள். திரும்பவும் சொல்கிறேன், சார்ஜென்ட்டுகள்.

"அவர் சொந்த ஆட்களையே வாட்டி எடுத்தவர்னு படிச்சேனே" என்று இன்பாக்ஸில் ஒருவர் வந்தார். ஆமாம், வாட்டினார். பிற்காலத்தில் பழைய ஆட்கள் கூடிய இடத்தில் தன் கடுமையைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். ஆனால் அந்தப் பையன்கள் எங்கே போகப் போகிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஒருத்தன் தவறினாலும் "பார்த்தியா, நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று சொல்ல ஒரு நாடே காத்திருந்தது. வெள்ளைக்காரப் பையன் தவறினால் அது அவனோடு போகும். இவர்களில் ஒருவன் தவறினால் மொத்தப் பேருக்கும் கதவு சாத்தும். இது தெரிந்த ஆள் எப்படிச் செல்லம் கொடுப்பார்? 1944 ஜூனில், ஜப்பான் கையில் இருந்த சைப்பான் தீவில் கரையேறியபோது இந்தப் பையன்களுக்குக் கொடுத்த வேலை குண்டுப்பெட்டி தூக்குவது, சரக்கு இறக்குவது. தூக்கிக்கொண்டே சண்டையும் போட்டார்கள், செத்தும் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஹோல்கோம்புக்கு அடுத்துவந்த தலைவர் வாண்டர்கிரிஃப்ட், நீக்ரோ மரைன்களுக்கு இனிமேல் பரீட்சை இல்லை, அவர்கள் மரைன்கள், அவ்வளவுதான் என்று வாயைத் திறந்து சொன்னார். அந்த வாக்கியத்தை வாங்கிக் கொடுத்தது ஜான்சனின் கடுமை. நான் அப்படித்தான் பார்க்கிறேன், மாற்றிக்கொள்ளவும் போவதில்லை.

குவாம் தீவிலும் அதே கதை. காட்டுக்குள் ரோந்துக்குக் கறுப்பு மரைன்களை அனுப்பவில்லை. எங்களையும் அனுப்புங்கள் என்று கேட்டவர் ஜான்சன். கேட்டதோடு விடாமல் 25 ரோந்துகளுக்குத் தானே முன்னால் நடந்தார். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. பிறகு கொரியாவுக்கும் போனார். 1959இல் ஓய்வு.

"அமெரிக்கப் படைக்கு வக்காலத்தா?" என்கிறார்கள். இல்லை. அந்த நாடு போட்ட போர்கள் பற்றி இதே சுவரில் நான் எழுதியது இருக்கிறது, தேடிப் படியுங்கள்.

"என்ன இருந்தாலும் பொறுப்பு ஆபீசருக்குத்தானே?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி. பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு வயசில் புது லெப்டினன்ட் வந்து நிற்கும்போது, எந்த ஆளை எங்கே நிறுத்துவது என்று பக்கத்தில் நின்று மரியாதையாகச் சொல்லிக்கொடுப்பவர் யார்? முப்பது வருஷம் தேய்ந்த ஒரு சார்ஜென்ட். பேர் யாருக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்கலாம். என் அப்பா ஹவில்தார், அங்கே சார்ஜென்ட் என்றால் இங்கே ஹவில்தார். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஒரு ரெக்ரூட் நடந்து வருகிற தோரணையை வைத்தே எந்தக் காலில் கொப்புளம் என்று சொல்லிவிடுவார். அன்று இரவே அவனை உட்கார வைத்து, சாக்ஸை எப்படிச் சுருக்கமில்லாமல் இழுத்து மாட்டுவது என்று காட்டுவார். குதிகால் பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். எனக்கும் பள்ளிக்கூடம் போகும்போது அப்படித்தான் மாட்டிவிட்டார்.

இவரை எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிமுகப்படுத்தினார்கள். "மிலிட்டரில என்னவா இருந்தீங்க?" "ஹவில்தாருங்க." "ஓ... ஆபீசர் இல்லியா." அடுத்த கேள்வி, "மாமா, கேன்டீன் கோட்டால ரெண்டு பாட்டில் கெடைக்குமா?" பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. எத்தனை பையன்களை உயிரோடு வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி பழக்கி அனுப்பினார் என்று அந்தப் பந்தியில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றவில்லையே.

"அதான் பென்ஷன் வருதுல்ல, ஃப்ரீயாவா செஞ்சார்?" இதையும் எழுதுவீர்கள், தெரியும். வருகிறது. நாற்பது சொச்ச வயசில் வீட்டுக்கு அனுப்பினார்கள், பிள்ளைகள் படிப்புக்கு அது போதவில்லை. ஒரு வங்கி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். உள்ளே வேலை பார்த்த சின்னப் பையன் "யோவ், அந்த வண்டிய நகத்தச் சொல்லு" என்பான். நான் கேட்டிருக்கிறேன். டாக்டர் மகனையும் இன்ஜினியர் மகனையும் மேடையேற்றிக் கைதட்டுகிற நாம்தான் அந்த "யோவ்"வையும் பழக்கினோம். நீங்கள் போட்ட ஹாஹாவும் அதே "யோவ்"தான்.

ஜான்சன் 1972இல் செத்ததுகூட, பழைய மான்ட்ஃபோர்ட் பாயின்ட் ஆட்கள் கூடியிருந்த கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்துதான். 1974இல் அந்த முகாமுக்கே கில்பர்ட் ஜான்சன் முகாம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு சார்ஜென்ட் மேஜர் பெயர்.

அடுத்த வாரம் எட்கர் ஹஃப் பற்றி எழுதப் போகிறேன். அவரும் அலபாமா, அவரும் மான்ட்ஃபோர்ட் பாயின்ட். முதல் லீவில் சீருடையோடு ஊருக்குப் போனவரை, கறுப்பு மரைன் என்று ஒன்று கிடையவே கிடையாது, நீ வேஷம் போடுகிறாய் என்று பிடித்து உள்ளே வைத்தார்கள். அதற்குப் பிறகும் 30 வருஷம் அதே படையில் இருந்து, கொரியா, வியட்நாம் எல்லாம் பார்த்து 1972இல் ஓய்வுபெற்றார். அவரும் ஆபீசர் இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.