அடுத்த வளைவுதான்!

மலையூர் நண்பர்களிடம் மட்டும் வழி கேட்கவே கூடாது. "பக்கத்துலதான், அடுத்த வளைவு" என்பார்கள். எந்த வளைவு? மலைப்பாதை முழுக்க வளைவுதானே! அவர்கள் சொல்வது நேர்க்கோட்டுத் தூரம். காருக்கு அது கொண்டை ஊசி வளைவுகளாக நீண்டுகொண்டே போகிறது. மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதத் திறனை இழக்கும். இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறோம், காது வேறு அடைக்கிறது. சரி, போன் போடலாம் என்றால் சிக்னல் இல்லை. ஜிபிஎஸ் புள்ளி மட்டும் நகர்கிறது (அதற்குச் செயற்கைக்கோள் போதும்), வரைபடம் வெறும் சாம்பல் கட்டம். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று நம்மையே கேட்கிறார்கள். நீங்கள் கடைசியாக எப்போது கீழே இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள் என்று நான் கேட்டேனா?