தவத்தாருக்கு வயிற்றுக்குத்து

(திருகோணமலை, உவர்மலையில் ஒரு வீடு. சனிக்கிழமை முற்பகல். ரமணி தலையணையை வயிற்றோடு அணைத்தபடி செற்றியில் சுருண்டு கிடக்கிறார். தவம் இரண்டு பைகளோடு உள்ளே வருகிறார்.)

ரமணி: ஒரு காட் குளிசைக்குப் போனவர் கல்யாண வீட்டுக்குச் சாமான் வாங்கி வந்திருக்கிறீர்களே!

தவம்: எல்லாம் உமக்குத்தான். இது ஓமம், இது பெருங்காயம், இது வேர்க்கொம்பு, இது ஒரு கிலோ கொத்தமல்லி.

ரமணி: ஒரு கிலோவா?

தவம்: நான் நூறு கிராம்தான் கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு இது காணாது" என்றார்.

ரமணி: உங்கள் முகத்தை ஏன் பார்க்கிறார்? நோவு எனக்கல்லவா?

தவம்: அது வந்து... கடையில் நாலு பேர் நின்றார்கள். வயிற்றுக்குத்து எனக்கென்று சொல்லிவிட்டேன்.

ரமணி: முருகா!

தவம்: பெண்சாதிக்கு மாத... அந்தக் கதையைச் சந்தைக்குள் நின்று எப்படிக் கதைக்கிறது?

ரமணி: சரி, பாமசியில்?

தவம்: அங்கேயும் எனக்குத்தான். பாமசிக்காரர், "எப்படி நோகிறது?" என்று கேட்டார். காலையில் நீர் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். அடிவயிறு பிழிகிறது, இடுப்பு கழன்று விழுகிறது, தொடை வரைக்கும் இழுக்கிறது, மாதா மாதம் வருகிறது.

ரமணி: மாதா மாதமா!

தவம்: வாய் தவறி வந்துவிட்டது. மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு காட்டைப் பேப்பரில் சுற்றித் தந்தார்.

ரமணி: (பிரித்துப் பார்த்து) ஐபுபுரோஃபன். அவருக்கு விளங்கிவிட்டது. உங்களுக்குத்தான் விளங்கவில்லை.

தவம்: பனடோல்தான் வீட்டில் கிடக்கிறதே?

ரமணி: அது இதற்கு அவ்வளவாக எடுபடாது. கருப்பையின் உட்சுவர் கழலும் நேரத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்றொன்று சுரக்கும். அதுதான் கருப்பையை ஈரத்துணி மாதிரிப் பிழிகிறது. இந்தக் குளிசை அந்தச் சுரப்பையே குறைக்கும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லையா?

தவம்: கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

ரமணி: நல்ல காலம், எனக்கும் இல்லை. வெறும் வயிற்றில் போடக்கூடாது, இரண்டு துண்டு பாண் எடுத்து வாருங்கள். ஆமாம், இந்தப் பை ஏன் கிழிந்திருக்கிறது?

தவம்: அதற்குள் ஒரு பப்பாசி இருந்தது. பஸ் நிலையத்தடியில் பையைக் கீழே வைத்துவிட்டுச் சில்லறை எண்ணினேன். மான் வந்துவிட்டது.

ரமணி: திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர் மான் இருக்கிற இடத்தில் பையைக் கீழே வைப்பாரா?

தவம்: வயிற்றுக்குத்துக்காரன் மாதிரிக் குனிந்து நடந்து களைத்துப் போனேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தாரே. அதை விடும், சூடு பிடித்தால் சுகம் வரும் என்றீரே, கன்னியாவுக்குப் போவோமா? ஏழு கிணற்றிலும் சுடுதண்ணீர்!

ரமணி: ஆட்டோவில் குலுங்கிப் போய், சனத்துக்கு நடுவில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றவா? இராவணன் செத்துப்போன தாயின் கிரியைக்கு உண்டாக்கின கிணறு என்கிறார்கள். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். ஒரு போத்தல் போதும்.

(தவம் குசினிக்குள் போகிறார். கேத்தல் கூவுகிற சத்தம். வெறும் சோடாப் போத்தல் ஒன்றோடு திரும்பி வருகிறார். அது இடுப்பொடிந்து கூனிப் போயிருக்கிறது.)

தவம்: ரமணி, போத்தலுக்கும் பிடித்துவிட்டது.

ரமணி: கொதிதண்ணீரைப் பிளாஸ்ரிக்கில் ஊற்றினால் வேறென்ன செய்யும்? அலுமாரிக்கு மேலே ரப்பர் பை இருக்கிறது. கை பொறுக்கிற சூட்டில் ஊற்றி, துவாயால் சுற்றித் தாருங்கள். கால் மணித்தியாலம் வைத்தால் போதும், வைத்தபடி நித்திரையானால் தோல் வெந்துவிடும்.

தவம்: அப்படியென்றால் நான் வாங்கி வந்ததெல்லாம் வீணா?

ரமணி: வேர்க்கொம்பைத் தாருங்கள். இஞ்சிக்கு ஆராய்ச்சியிலும் ஓரளவு நல்ல பேர் இருக்கிறது. முதல் 3, 4 நாளைக்குத் தினமும் 750 முதல் 2000 மில்லிகிராம் வரை தூளாகக் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். கூடிப்போனால் ஒரு தேக்கரண்டி. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். ஓமமும் பெருங்காயமும் வாய்வுக்கு, அது உங்களுக்கே உதவும். கொத்தமல்லி தடிமனுக்கு. இனி இந்த வீட்டில் ஒரு வருசத்துக்கு ஒருவரும் தும்ம ஏலாது.

தவம்: மாதா மாதம் இப்படிக் கிடப்பதை விட டொக்டரிடம் காட்டினால் என்ன?

ரமணி: எனக்கு முதல் இரண்டு நாளோடு அடங்கிவிடும். குளிசைக்குக் கேட்காவிட்டால், மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால், மணிக்கொரு பேட் நனைந்தால் கட்டாயம் காட்ட வேணும். எங்கள் சித்திக்குக் கல்யாணம் கட்டினால் சரியாகும் என்றார்கள், கட்டினார். பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள், மூன்று பெற்றார். கடைசியில் ஒரு பெண் டொக்டர்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டுபிடித்தார். கருப்பையின் உட்சுவர் மாதிரியான சதை கருப்பைக்கு வெளியிலும் வளருகிற வருத்தம் அது.

தவம்: கல்யாணத்தை ஒரு மருந்தென்று கட்டிவைத்தார்களா?

ரமணி: சித்தப்பாவைப் பார்த்தால் மருந்து மாதிரியா இருக்கிறார்?

(தவத்தின் போன் அடிக்கிறது. காதில் வைத்தவர் முகம் கறுக்கிறது. "ஓம் அம்மா... இல்லை அம்மா... ஐயோ அம்மா..." வைத்துவிடுகிறார்.)

ரமணி: என்னவாம் மாமி?

தவம்: சந்தையில் நின்ற யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்கு மாதா மாதம் வயிற்றுக்குத்தாம், குடலில் அழுக்கு அடைத்திருக்கிறதாம். மூதூரிலிருந்து பஸ் ஏறிவிட்டார். பேதிக்குக் கொடுக்க ஆமணக்கெண்ணெய் கொண்டு வருகிறார்.

ரமணி: உடனே திருப்பி எடுத்து, நோவு எனக்கென்று சொல்லுங்கள். ஒரு வசனம்தானே.

(தவம் போனைப் பார்க்கிறார். ரமணியைப் பார்க்கிறார். போனைச் சட்டைப் பைக்குள் வைக்கிறார்.)

தவம்: ஆமணக்கெண்ணெய் எத்தனை கரண்டி குடிக்க வேண்டி வரும்?