பொது அறிவுக்காக

(ஜார்ஜியா நாட்டின் காகெதி பகுதி. சிக்னாகி ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஒயின் அறை. அக்டோபர் மாதம். பெண்கள் போட்பே மடத்தைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். திபிலிசியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையும், திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் மட்டும் இங்கே.)

மாமா: நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன் மாப்பிள்ளை. எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

மாப்பிள்ளை: எனக்கும்தான் மாமா. வெளியே வெயிலாக இருந்ததே என்று கூட்டி வந்தேன்.

மாமா: ஸ்வெட்டர் போட்டுக்கொண்டா? சரி, விடுங்கள். ஆரஞ்சு ஒயின் என்று போர்டு வைத்திருக்கிறான், ஒரு பழத்தையும் காணோமே?

மாப்பிள்ளை: அது டூரிஸ்டுகளுக்கு எழுதியது. 2004-இல் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி வைத்த பெயர். இங்கே ஆம்பர் ஒயின், அதாவது தேன் நிற ஒயின் என்பார்கள். உள்ளே இருப்பது பச்சைத் திராட்சைதான். இந்தப் பக்கம் பெரும்பாலும் ர்காட்சிடெலி என்ற ரகம்.

மாமா: பச்சைத் திராட்சைக்கு ஏது இந்த நிறம்? சாயம் போடுகிறானா?

மாப்பிள்ளை: எல்லாம் தோல் செய்கிற வேலை மாமா. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் புளிக்க வைப்பார்கள். சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்தே புளிக்கும். பச்சைத் திராட்சையை அந்தச் சிவப்பு ஒயின் பக்குவத்தில் செய்தால், அதுதான் இது.

மாமா: விரல் நுனியில் வைத்திருக்கிறீர்களே!

மாப்பிள்ளை: (அவசரமாக) மெடிக்கல் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், நான்தானே சுற்றிக்காட்டுகிறேன். பொது அறிவுக்காகப் படித்தது.

மாமா: தரையில் வரிசையாக என்ன ஓட்டை?

மாப்பிள்ளை: க்வெவ்ரி. மண்பானை. கழுத்துவரை புதைத்துவிடுவார்கள், சூடு ஏறாது. உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். பெரிய பானை என்றால் ஆள் உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும்.

மாமா: (குனிந்து) அடேயப்பா! தோலும் காம்பும் மேலே திட்டாக மிதக்கிறது. இடுக்கில் குமிழி குமிழியாகக் கிளம்புகிறது. என்ன வாசனை!

மாப்பிள்ளை: மாமா, தலையை உள்ளே விடாதீர்கள்! புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். மயங்கி விழுந்தால் அத்தைக்கு நான் என்ன பதில் சொல்வது?

மாமா: காற்றால் மயங்கினேன் என்றால் அவள் நம்பவும் மாட்டாள். (நகர்ந்து) ஈஸ்ட் எவ்வளவு போடுவார்கள்?

மாப்பிள்ளை: பழைய முறையில் தனியாகப் போடுவதில்லை. பழத்தோடு வருவதே போதும். மேலே எழும்பும் திட்டை நாளுக்குப் பல தடவை நீளக் கம்பால் அமுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்து கெட்டுவிடும். நுரைப்பு அடங்கியதும் அதுவே இறங்கிவிடும். பானையின் அடி கூம்பாக இருக்கிறதா, கொட்டைகள் அங்கே போய் ஒதுங்கும், தோல் அதன்மேல் படியும். அப்புறம் மூடியைப் போட்டு, களிமண்ணால் சுற்றிலும் பூசினால் வசந்த காலத்தில்தான் திறப்பார்கள்.

மாமா: ஐந்தாறு மாதமா? நடுவில் ஒரு நாள்கூடத் திறந்து பார்க்காமல் நம்மால் முடியுமா?

மாப்பிள்ளை: நம்மால் என்றால்?

மாமா: பொதுவாக... மனித குலத்தால்.

மாப்பிள்ளை: எல்லோரும் அத்தனை மாதம் வைப்பதில்லை மாமா. இதே நாட்டில் மேற்கே இமெரெதி பக்கம் தோலும் குறைவு, நாளும் குறைவு. வேறு நாடுகளில் சில நாளிலேயே வடித்துவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் இத்தாலியில் யோஷ்கோ கிராவ்னர் என்று ஒருவர், நவீன முறையில் ஒயின் செய்து பேர் வாங்கியவர். 2000-இல் இங்கே வந்து பார்த்தார். 2001 அறுவடைக்கே தன் ஊரில் பானையைப் புதைத்துவிட்டார்.

மாமா: வெவரமான ஆள். இந்தப் பானை முறை ரொம்பப் பழசோ?

மாப்பிள்ளை: இந்த நாட்டில் 8000 வருடத்துக்கு முந்தைய பானை ஓடுகளில் ஒயின் தடயம் கிடைத்திருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

மாமா: யுனெஸ்கோவே சொன்ன பிறகு நாம் யார் தட்டிக்கழிக்க?

(கடைக்காரர் இரண்டு கிளாஸை நீட்டுகிறார்.)

மாப்பிள்ளை: வேண்டாம் என்றால் வருத்தப்படுவார் மாமா.

மாமா: (வெளிச்சத்தில் பிடித்து, சுழற்றி, முகர்ந்து) உலர்ந்த ஆப்ரிகாட்... தேன்... கொஞ்சம் அக்ரூட். (ஒரு வாய் உருட்டி விழுங்கி) பாக்கு மென்ற மாதிரி ஈறில் பிடிக்கிறது. டானின், தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருள். தோலோடு கிடந்தது அல்லவா? நல்லவேளை, ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்கவில்லை. ரொம்ப ஜில்லென்று இருந்தால் இந்தத் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும்.

மாப்பிள்ளை: மாமா! பழக்கமே இல்லை என்றீர்களே?

மாமா: இருபது வருடம் மிலிட்டரியில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா? நீங்கள் மட்டும் என்னவாம்? உள்ளே நுழைந்ததும் அந்த ஆள் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தானே!

மாப்பிள்ளை: (மெதுவாக) அக்ரூட் விழுது வைத்த கத்தரிக்காய் இதற்குப் பிரமாதமாக இருக்கும் மாமா. சொல்லட்டுமா?

மாமா: இரண்டு தட்டு சொல்லுங்கள். ஐயோ, போன் அடிக்கிறதே!

மாப்பிள்ளை: அத்தைதான்.

மாமா: இங்கே சிக்னலே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

மாப்பிள்ளை: அதை எடுத்தா சொல்வது மாமா?