"பிரிச்சாலும் ஒண்ணாதான் கொட்டுறாங்க"ன்னு சொல்றது பாதி உண்மைதான்

மேல ஒருத்தர் "குப்பைய பிரிக்கிறது கார்ப்பரேஷன் வேலை, வீட்டுக்காரங்களுக்கு சட்டமே இல்ல, பிரிச்சாலும் எல்லாம் சென்னை பெருங்குடி குப்பைமேட்டுக்குத்தான் போகுது"ன்னு போட்டிருக்கார். அதுக்கு இவ்ளோ லைக் வேற. ப்ரோ, சட்டம் இருக்கு. 2016ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே வீட்டுலயே மூணா பிரிச்சுத்தான் குடுக்கணும்னு தெளிவா சொல்லிட்டாங்க, மக்குறது, மக்காதது, அப்புறம் பெயின்ட் டப்பா, டியூப்லைட், காலாவதி மாத்திரை மாதிரி ஆபத்தானது. நாப்கின், டயபர் எல்லாம் தனியா சுத்தித்தான் போடணும்.

சில ஏரியால வண்டில ஒண்ணா கொட்டுறது உண்மைதான், எங்க தெருலயும் நானே பாத்து சண்டை போட்டிருக்கேன், ஆனா அதுக்காக பிரிக்கிறதே வேஸ்ட்னு சொன்னா எப்படி? நம்ம வீட்டு குப்பைல பாதி கிட்ட காய்கறி தோலு, மிச்சம் மீதி சோறு, டீத்தூள்தான், அது தனியா வந்தா உரம் ஆகுது, பயோகேஸ் ஆகுது, அதே சாம்பார் பேப்பர் மேல ஊத்திடுச்சுன்னா அந்த பேப்பர பழைய பேப்பர் கடைக்காரர் கூட தொடமாட்டார். இந்த மக்குற குப்பை குப்பைமேட்டுக்குள்ள காத்து போகாம அழுகுனா மீத்தேன் வரும், தீப்பிடிக்கும். 2022 ஏப்ரல்ல பெருங்குடி எரிஞ்சப்போ அந்தப் பக்கம் மூச்சு விட முடியல, ஞாபகம் இருக்கா?

இன்னொண்ணு, நீங்க பிரிக்காம குடுத்தா அத வெறுங்கையால கிளறி பிரிக்கிறது அந்த தூய்மைப் பணியாளர் அக்காதான், உடைஞ்ச கிளாஸும் அதுலதான் கிடக்கும்.