சினிமாக் கையேட்டில் 1964-ஐப் புரட்டிப் பாருங்கள்

தமிழ்ப் படங்களை ஆண்டு வாரியாகத் தொகுத்த கையேடு ஒன்று சில மாதங்களாக என் மேசையில் இருக்கிறது. 1931-இல் தொடங்குகிறது. ஒவ்வொரு வருடத்திலும் வந்த படங்கள், இயக்குநர், நடித்தவர்கள், இசை, இரண்டு வரிக் கதை, கடைசியில் ஒரு வரித் தீர்ப்பு. "கூகுள்ல தட்டினா வந்துடுமே, இதுக்கு எதுக்குக் காசு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

படத்தின் பெயர் தெரிந்தால் இணையத்தில் எல்லாம் கிடைக்கும், சரி. பெயரே மறந்துபோய், எந்தக் காலத்துப் படம் என்பது மட்டும் நினைவில் நிற்பவர் என்ன செய்வார்? பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் எழுபதைத் தாண்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். எதைச் சொன்னாலும் புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி என்றுதான் சொல்வார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்து, தனுஷ்கோடியையும் அதற்குள் போய்க்கொண்டிருந்த ரயிலையும் கடலோடு கொண்டுபோன புயல் அது.

எங்கள் தெருவில் ஒரு மாமாவிடம், "சின்ன வயசுல பாத்ததுல எது மாமா ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். பெயர் வரவில்லை. "புயலுக்கு முந்தின தீவாளிப் படம்ப்பா. எம்ஜியாரு படகு விடுவாரு" என்றார். கையேட்டில் 1964-ஐத் திறந்து தீபாவளிக்குப் போனால் நவம்பர் 3 என்று இருக்கிறது: படகோட்டி, நவராத்திரி, முரடன் முத்து. படகோட்டி என்று வாசித்ததும் 'தரைமேல் பிறக்க வைத்தான்' பாட்டை அவரே எடுத்துவிட்டார். அகர வரிசையில் அடுக்கிய புத்தகத்தில் இப்படிப் போய்ச் சேர முடியாது.

அந்த ஒரு வருடப் பக்கத்தையே நிதானமாகப் படியுங்கள். பொங்கலுக்குக் கர்ணனும் வேட்டைக்காரனும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. பிப்ரவரியில் காதலிக்க நேரமில்லை, செப்டம்பரில் புதிய பறவை, டிசம்பரில் சர்வர் சுந்தரம். தீபாவளியன்று சிவாஜிக்கு இரண்டு படம். அதில் நவராத்திரிதான் அவருக்கு நூறாவது படம் என்றானது. கர்ணனை எடுத்த பி.ஆர். பந்துலுதான் முரடன் முத்துவையும் எடுத்தவர். நூறாவது என்ற பெருமை எந்தப் படத்துக்கு என்பதில் சிவாஜிக்கும் பந்துலுவுக்கும் மனத்தாங்கல் வந்தது என்பார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 1965-இல் அதே பந்துலு எம்.ஜி.ஆரை வைத்து ஆயிரத்தில் ஒருவன் எடுத்து நிற்கிறார். கையேடு இந்தக் கதையை எங்கேயும் சொல்லவில்லை, அடுத்தடுத்து அடுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். படிக்கிறவன் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்கிறான். 1978-ஐயும் பாருங்கள். ஜனவரியில் எம்.ஜி.ஆரின் கடைசிப் படம், ஆகஸ்டில் முள்ளும் மலரும், தீபாவளியை ஒட்டி அவள் அப்படித்தான். ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்குவது ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி குறைகள். பெரிய குறை, இந்தப் புத்தகத்தில் இருப்பது சென்னையின் வருடம். எங்கள் கடற்கரைக்குப் படம் வந்த வருடம் வேறு. பிரிண்ட் பெரிய ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்து, கோடு விழுந்த பிறகுதான் எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வரும். மாமா 'தீவாளிப் படம்' என்று சொன்ன படகோட்டியைப் பார்த்தது புயலுக்கு அப்புறம், மண்டபம் பக்கம் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தபோதாம். பாட்டு மட்டும் முன்பே மனப்பாடம். அது வந்த வழி இலங்கை வானொலி. சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். பிறகு எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போன கீழக்கரைக் காக்காமார் (அண்ணன்மார்) வீடியோ டெக்கும் கேசட்டும் கொண்டுவந்தார்கள். தியேட்டருக்குப் போகாத வீட்டுப் பெண்கள் பத்து வருடப் படங்களைச் சில வாரங்களில் பார்த்துத் தீர்த்தார்கள். அவர்களுக்கு எந்தப் படம் எந்த வருடத்துப் படம்? எந்தக் கையேட்டிலும் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரண்டாவது அந்த ஒரு வரித் தீர்ப்பு. 'சராசரி வெற்றி', 'தோல்வி' என்று எழுதிவிட்டுப் போவது பெரிய அநியாயம். வந்தபோது கர்ணன் எதிர்பார்த்த அளவுக்கு வசூலிக்கவில்லை. 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். 1954-இல் பாட்டே இல்லாமல் வந்த அந்த நாள் அன்றைக்கு ஓடவில்லை, இன்றைக்கு அதைப் பேசாமல் தமிழ் சினிமாவைப் பேச முடியாது. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்ய இந்த வரிகளை நம்பாதீர்கள்.

மூன்றாவது, எந்தப் படம் இன்று பார்க்கக் கிடைக்கும், எது அழிந்தே போனது என்ற குறிப்பு இல்லை. முதல் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31-இல் வெளியானது என்று தேதியோடு இருக்கிறது. அதன் பிரிண்ட் ஒன்றுகூட இன்று இல்லை என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டாமா? புதிதாகப் படிக்கும் பையன் யூடியூபில் தேடித் தேடி ஏமாந்து போவான். அதற்கும் முந்தைய மௌனப்படக் காலத்தில் வருடமே சிக்கல்தான். கீசக வதத்துக்கு ஒரு புத்தகம் 1916 என்கிறது, இன்னொன்று 1918 என்கிறது.

இந்தத் தகவல்கள் எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 2016-இல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்கள் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், ஸ்டில் என்று தேடித் தேடிச் சேர்க்காமல் இருந்தால் பாதிப் படங்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சியிருக்காது. அந்த உழைப்புக்காகவே இப்படி ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கலாம்.

சமீப கால வருடங்களுக்காக மட்டும் வாங்க வேண்டாம். வருடத்துக்கு இருநூறு படத்துக்கு மேல் வருகிற காலத்தில் வெறும் பட்டியல் யாருக்கும் உதவாது. எண்பது வரையிலான பக்கங்களுக்காக வாங்குங்கள். வாங்கினால் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள், எந்தப் படம் உங்கள் ஊர்க் கொட்டகைக்கு எப்போது வந்தது என்று. தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இந்தப் பதிவின் கீழே போட்டால் நான் சேர்த்து வைக்கிறேன். சரியான தேதி வேண்டாம், புயலுக்கு முந்தியா பிந்தியா என்றாலே போதும்.